சனி பிடித்த சாட்டர்னைன்: புராணத்திலிருந்து வந்த ஆங்கிலப் பெயரடைகளைப் பிடிப்பது எப்படி

என் முதல் வேலைக்கு விண்ணப்பம் எழுதியபோது, எனக்கு 'மெர்க்யூரியல்' மனம் என்று ஒரு வரி சேர்த்தேன். வீட்டிலிருந்த பழைய அகராதியில் அந்தச் சொல்லுக்கு நேரே 'துடிப்பான, சுறுசுறுப்பான' என்று போட்டிருந்தது, நம்பி எழுதிவிட்டேன். நேர்காணலில் எதிரே உட்கார்ந்திருந்தவர் அந்த வரியைப் பேனாவால் தட்டிக் கேட்டார்: "அப்போ காலைல ஒரு மூடு, மத்தியானம் ஒரு மூடா தம்பி?" வேலை என்னவோ கிடைத்துவிட்டது, ஆனால் அங்கே இருந்த 2 வருஷமும் நான் லேசாக முகம் சுளித்தாலே போதும், 'மெர்க்குரி ஏறிடுச்சுடா' என்று பக்கத்து மேஜையிலிருந்து குரல் வரும்.

அகராதி பொய் சொல்லவில்லை, பாதிதான் சொல்லியிருந்தது. கிரேக்க, ரோமானியப் புராணங்களிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த பெயரடைகளில் எல்லோரும் வழுக்குகிற இடம் இதுதான். தேர்வுக்குப் படிக்கிறவர்கள் 200 சொல்லை அர்த்தத்தோடு நெட்டுரு போடுகிறார்கள், 10 நாளில் எல்லாம் கலந்து கஞ்சியாகிவிடுகிறது. நெட்டுரு வேண்டாம். கதையில் எந்தத் துண்டை மொழி எடுத்துக்கொண்டது என்று மட்டும் பாருங்கள்.

இது நமக்குப் புதிதும் அல்ல. கும்பகர்ணன் அண்ணனுக்கு நியாயம் எடுத்துச் சொன்னவன், கேட்கவில்லை என்று தெரிந்தும் அவனுக்காகவே போர்க்களத்தில் உயிரை விட்டவன். தமிழ் அவனிடமிருந்து எடுத்துக்கொண்டது தூக்கத்தை மட்டும். திரிசங்குவின் ஆசை, யாகம், விசுவாமித்திரர் கோபம் எல்லாம் போய் அந்தரத்தில் தொங்குவது மட்டும் நின்றது. ஆங்கிலப் பெயரடைகளும் இப்படித்தான் பிறந்தன.

சரி, வேலைக்கு வருவோம்.

முதல் படி: வாலை வெட்டுங்கள்

சொல்லின் கடைசியில் இருக்கும் 'இயன்', 'இக்', 'அல்', 'ஐன்' போன்ற வால்களை வெட்டினால் உள்ளே ஒரு பெயர் உட்கார்ந்திருக்கும். ஹெர்குலியனுக்குள் ஹெர்குலிஸ் (அந்தப் பெயரில் சைக்கிள் ஓட்டாத ஊர் ஏது), டைட்டானிக்குக்குள் டைட்டன், சிசிஃபியனுக்குள் சிசிஃபஸ். பெயர் கிடைத்ததுமே பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. ஆங்கிலம் இந்தச் சொற்களில் பெரும்பாலானவற்றை லத்தீன் வழியாக வாங்கியது, அதனால் கிரேக்கக் கடவுளைத் தேடினால் ரோமானியப் பெயரில் ஒளிந்திருப்பார். ஜீயஸ்தான் ஜூப்பிட்டர், அவருக்கே ஜோவ் என்றும் பெயர். ஹெர்மிஸ்தான் மெர்க்குரி, ஏரிஸ்தான் மார்ஸ், அஃப்ரோடைட்டிதான் வீனஸ். சில சமயம் இரண்டு பெயரிலிருந்தும் தனித்தனியாகச் சொல் வந்து, ஒரே ஆள் இரண்டு வேலை பார்ப்பார். வீனஸ் என்ற லத்தீன் பெயரிலிருந்து வந்த 'வினீரியல்' பால்வினை நோய்ப் பிரிவின் பலகைக்குப் போய்விட்டது. அஃப்ரோடைட்டி என்ற கிரேக்கப் பெயரிலிருந்து வந்த 'அஃப்ரோடிசியாக்' லேகிய விளம்பரத்துக்குப் போய்விட்டது. அம்மாள் ஒருவர்தான்.

மெர்க்குரிக்கும் இதே கதை. மெர்க்யூரியல் என்றால் ஒரு நிலையில் நில்லாத மனம். ஹெர்மிஸ் பெயரிலிருந்து வந்த 'ஹெர்மெட்டிக்' அதற்கு நேர் எதிர்: காற்றுகூடப் புகாமல் இறுக மூடியது. ஃப்ரிட்ஜ் பழுது பார்ப்பவர்கள் ஹெர்மெட்டிக் கம்ப்ரசர் என்று சொல்வது இதைத்தான். ரசவாதிகள் தங்கள் வித்தைக்கெல்லாம் மூலவராக ஹெர்மிஸ் டிரிஸ்மெஜிஸ்டஸ் என்ற ஞானியைச் சொன்னார்கள், கண்ணாடிக் குடுவையின் வாயை உருக்கி ஒட்டுவதற்கு அவர் பெயரை வைத்தார்கள்.

இரண்டாவது படி: கடவுளா, கிரகமா?

இந்தக் கட்டுரையில் நீங்கள் ஒரே ஒரு பகுதியை மட்டும் வைத்துக்கொள்வதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். சோதிடம் காதில் விழுந்து வளர்ந்த நமக்கு இது வெள்ளைக்காரரைவிடச் சுலபம்.

ஜோவியல், மார்ஷியல், மெர்க்யூரியல், சாட்டர்னைன் என்ற நான்கையும் எடுத்துக்கொள்ளுங்கள். பெயர் கடவுளுடையது, ஆனால் இவற்றின் குணத்தைத் தீர்மானித்ததில் பெரிய பங்கு கிரகத்துக்கு. இன்ன கிரகத்தின் ஆதிக்கத்தில் பிறந்தவனுக்கு இன்ன குணம் என்று ஐரோப்பாவிலும் இடைக்காலம் முழுக்க நம்பினார்கள். இப்போது நம் வாரநாட்களை நினைத்துப் பாருங்கள். செவ்வாய் என்றால் மார்ஸ், புதன் மெர்க்குரி, வியாழன் ஜூப்பிட்டர், வெள்ளி வீனஸ், சனி சாட்டர்ன். ரோமானியர் வைத்த வரிசையும் அச்சு அசலாக இதேதான். ஆங்கிலத்தில் நடுவே வடதேசத்துக் கடவுள்கள் புகுந்து செவ்வாய் முதல் வெள்ளி வரை பெயரை மாற்றிவிட்டார்கள், பழைய ரோமானியக் கடவுளாகச் சனிக்கிழமையில் சாட்டர்ன் மட்டும் தப்பினார். பிரெஞ்சில் இன்னும் அப்படியே இருக்கிறது: மார்தி, மெர்க்ரெதி. புதுச்சேரியில் பிரெஞ்சு படித்தவர்கள் உடனே பிடித்துக்கொள்வார்கள்.

இனி அர்த்தம் தானாக விழும். வியாழன் என்றால் நமக்குக் குரு, சுபக்கிரகம், குரு பார்க்கக் கோடி நன்மை. அங்கேயும் ஜூப்பிட்டர் நல்லது செய்கிற கிரகம், அதன் கீழ்ப் பிறந்தவன் கலகலப்பானவன், அதனால்தான் ஜோவியல். புராணத்து ஜீயஸை நினைத்துக்கொண்டு போனால் இடியும் மின்னலும் பிறர் மனைவியைத் தூக்கிப் போவதுமாக இருக்கும், கலகலப்பு எங்கிருந்து வந்தது என்று தலை சுற்றும். செவ்வாய் போர்க்கிரகம், மார்ஷியல் என்றால் போர் சம்பந்தப்பட்டது, கராத்தே வகுப்புப் பலகையிலும் மார்ஷியல் லாவிலும் இருப்பது இவர்தான். புதன் சுறுசுறு கிரகம், சூரியனை 88 நாளில் சுற்றிவிடும், அதே பெயர் கொண்ட பாதரசமும் தட்டில் ஊற்றினால் ஓர் இடத்தில் நிற்காது, அந்த இரண்டும் சேர்ந்து 'நொடிக்கு நொடி மாறுகிற மனநிலை' என்ற பொருளுக்கு வந்து நின்றது. என் அகராதி சொல்லாமல் விட்ட பாதி அதுதான்.

சாட்டர்னைன் இன்னும் வேடிக்கை. ரோமானியக் கதையில் சாட்டர்ன் விதைப்பின் கடவுள், பொற்காலத்தை ஆண்டவர். அவருக்கு டிசம்பரில் எடுத்த சாட்டர்னேலியா விழாதான் ரோமின் ஆகப் பெரிய கொண்டாட்டம், அடிமைக்கு எஜமான் பரிமாறுவான், தெருவெல்லாம் சூதாட்டம். அந்தக் கடவுளின் பெயரிலிருந்து வந்த பெயரடைக்கு என்ன அர்த்தம் தெரியுமா? இருண்ட முகம், உம்மென்று இருக்கிற சுபாவம். ஏனென்றால் இது விழாவிலிருந்து வரவில்லை, கிரகத்திலிருந்து வந்தது. வெறுங்கண்ணுக்குத் தெரிகிற கிரகங்களில் அன்றைக்கு அறிந்தவரை கடைசியாக, மெதுவாக நகர்வது சனி, ஒரு சுற்றுக்கு சுமார் 29.5 ஆண்டு. நாமும் அதற்கு மந்தன் என்றுதான் பேர் வைத்தோம், ராசிக்கு இரண்டரை ஆண்டு என்று கணக்குப் போட்டு ஏழரையைக் கண்டுபிடித்தோம். ரசவாதிகள் ஈயத்தைச் சனியின் உலோகம் என்றார்கள், அதனால் ஈய நஞ்சுக்கே 'சாட்டர்னிசம்' என்று ஒரு பழைய பெயர் உண்டு. எதிரே ஒருவர் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றிய மாதிரி உட்கார்ந்திருந்தால், அது சாட்டர்னைன் முகம்.

மூன்றாவது படி: ஒரே ஒரு காட்சி

கிரகம் இல்லை என்றால் கதைதான். முழுக் கதையும் வேண்டாம், ஒரு காட்சி போதும், ஆனால் அந்தக் காட்சியை வாசனையோடு பார்க்க வேண்டும்.

'புரோட்டியன்' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். டிராய் போர் முடிந்து ஊர் திரும்பும் வழியில் மெனலாஸ் என்ற கிரேக்க அரசன் எகிப்துக்கு அருகே ஃபாரோஸ் தீவில் காற்றில்லாமல் மாட்டிக்கொள்கிறான். வழி தெரிய வேண்டுமானால் புரோட்டியஸ் என்ற கடல் கிழவனைப் பிடித்துக் கேட்க வேண்டும், ஆனால் அந்தக் கிழவன் பிடிபட மாட்டான். கிழவனின் மகளே வழி சொல்லிக்கொடுக்கிறாள்: அப்பா நடுப்பகலில் கடல்நாய்க் கூட்டத்தின் நடுவே படுத்துத் தூங்குவார், நீங்களும் கடல்நாய்த் தோலைப் போர்த்திக்கொண்டு படுத்திருங்கள். மெனலாஸும் அவன் ஆட்கள் மூவரும் பச்சைத் தோலைப் போர்த்திக்கொண்டு கிடக்கிறார்கள், நாற்றம் தாங்கவில்லை, அவள் ஒவ்வொருவர் மூக்கிலும் தேவர்களின் அமுதத்தைத் தடவிவிடுகிறாள். கிழவன் வந்து படுத்ததும் பாய்ந்து பிடிக்கிறார்கள். அவன் சிங்கமாகிறான், பாம்பாகிறான், சிறுத்தை, காட்டுப்பன்றி, ஓடுகிற தண்ணீர், கடைசியில் உயர்ந்த மரம். விடாமல் பிடித்திருக்கிறார்கள். அப்புறம்தான் வாயைத் திறக்கிறான். ஹோமரின் ஒடிசி காவியத்தின் 4ஆம் காண்டத்தில் இருக்கிறது இது.

மொழி எடுத்துக்கொண்டது அந்த உருமாற்றத்தை மட்டும். கிழவனின் பிடிவாதமும் குறி சொல்லும் சக்தியும் போய்விட்டன. வில்லன், அப்பாவி, கிழவர் என்று எந்த வேஷம் போட்டாலும் பொருந்துகிற நடிகரைப் புரோட்டியன் என்பார்கள், பெரும்பாலும் பாராட்டாகத்தான். புரோட்டீன் என்ற சத்தோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள், அது 'முதன்மையான' என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து 1838இல் அறிவியலுக்கு வந்த பெயர்.

'டான்டலைசிங்' இன்னும் எளிது. டான்டலஸ் என்ற அரசன் பெற்ற பிள்ளையையே வெட்டிச் சமைத்துத் தேவர்களுக்கு விருந்து வைத்தான் என்று ஒரு கதை. தண்டனையாகப் பாதாளத்தில் முகவாய் வரை தண்ணீரில் நிற்கிறான், குனிந்தால் தண்ணீர் மண்ணுக்குள் வற்றிப்போகும், தலைக்கு மேல் தொங்கும் பேரிக்காய்க்கும் மாதுளைக்கும் கை நீட்டினால் காற்று கிளையைத் தூக்கிக்கொண்டு போய்விடும். கிட்ட இருக்கும், கிட்டாது. ஸ்வீடன் நாட்டு வேதியியலாளர் எக்பெர்க் 1802இல் ஓர் உலோகத்தைக் கண்டுபிடித்தார், அமிலத்தில் முக்கி வைத்தாலும் அது ஒன்றும் உறிஞ்சவில்லை, தண்ணீரில் நின்றும் குடிக்க முடியாதவன் ஞாபகம் வந்து டான்டலம் என்று பேர் வைத்தார். செல்போனுக்குள் இருக்கும் கப்பாசிட்டர்கள் பலவற்றில் இருப்பது அதுதான். அந்த உலோகத்தோடு கலந்தே கிடைக்கும் இன்னொன்றுக்கு டான்டலஸின் மகள் பெயரில் நியோபியம் என்று பேர். வேதியியல்காரர்களுக்கும் கதை பிடிக்கும்போல.

நான்காவது படி: பக்கத்துச் சொல்லோடு வைத்து உரசுங்கள்

கடினமான வேலையைச் சொல்ல மூன்று பெயரடை இருக்கிறது, மூன்றும் ஒன்றல்ல. ஹெர்குலியன் என்றால் மலைபோல் வேலை, ஆனால் முடியக் கூடியது. ஹெர்குலிஸ் தனக்கு ஏவப்பட்ட பன்னிரண்டு வேலையையும் முடித்தான், நம் பகீரதனும் கங்கையைக் கொண்டுவந்துதான் விட்டான், அதனால் 'பகீரதப் பிரயத்தனம்' கிட்டத்தட்டச் சரியான மொழிபெயர்ப்பு. சிசிஃபியன் என்றால் முடியவே முடியாதது. சிசிஃபஸ் பாறையை உச்சிக்கு உருட்டுவான், தொடப்போகும் நேரத்தில் அது கீழே உருண்டுவிடும், திரும்ப முதலிலிருந்து. வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவர்களைக் கேளுங்கள், விளக்கமே வேண்டாம். 'ஆஜியன்' என்றால் வருஷக்கணக்காகச் சேர்ந்த அழுக்கு. எலிஸ் நாட்டு அரசன் ஆஜியஸின் தொழுவத்தில் 3,000 மாடு, 30 வருஷமாகச் சாணி அள்ளவில்லை. ஹெர்குலிஸ் இரண்டு ஆறுகளைத் திருப்பி உள்ளே விட்டு ஒரே நாளில் கழுவினான். அதற்குக் கூலி பேசியதால் வேலை கணக்கில் சேராது என்று வேலை ஏவிய அரசன் தள்ளிவிட்டான் என்பது தனிச் சோகம். ஊழல் நாறும் துறையைச் சுத்தம் செய்வதை ஆஜியன் வேலை என்று எழுதலாம், முனைவர் பட்ட ஆய்வேட்டை அப்படி எழுதினால் வழிகாட்டிக்குக் கோபம் வரும்.

இந்த உரசலை எல்லாச் சொல்லுக்கும் செய்யலாம். 'நார்சிஸிஸ்டிக்' தன்னையே காதலிப்பது, 'புரோக்ரஸ்டியன்' எல்லோரையும் ஒரே அளவுக்குள் திணிப்பது. புரோக்ரஸ்டீஸ் என்ற வழிப்பறிக்காரன் வந்தவனைக் கட்டிலில் படுக்க வைத்து, நீளம் போதாவிட்டால் இழுப்பான், மிஞ்சினால் காலை வெட்டுவான். ஒரே கேள்வித்தாளை வைத்து எல்லாப் பிள்ளையையும் அளக்கிற முறைக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியாது.

ஐந்தாவது படி: கூட வரும் சொல்லையும் சேர்த்துப் படியுங்கள்

சில பெயரடைகள் தனியாக வெளியே கிளம்பாது. 'ஸ்டென்டோரியன்' என்றால் கூடவே குரல் வர வேண்டும், ஸ்டென்டோரியன் லாரி என்று யாரும் சொல்வதில்லை. ஹோமரின் இன்னொரு காவியமான இலியட்டில் ஒரே ஓர் இடத்தில் வந்து போகிற ஆள் ஸ்டென்டர், 50 பேர் சேர்ந்து கத்தினால் எவ்வளவோ அவ்வளவு அவன் ஒருவன் குரல், அந்த ஒரு வரியை வைத்தே இத்தனை நூற்றாண்டு ஓட்டிவிட்டான். 'ஸ்டைஜியன்' பாதாள நதி ஸ்டிக்ஸிலிருந்து வந்தது, இருட்டோடுதான் பெரும்பாலும் போகும்.

'ஹால்சியன்' நாட்களோடு போகும். கடலில் செத்த கணவனுக்காக அழுத ஆல்சியோனியையும் அவனையும் தேவர்கள் மீன்கொத்திகளாக மாற்றினார்கள். அந்தப் பறவை கூடு கட்டி முட்டையிடும் 14 நாள், அதாவது நடுக்குளிர்காலத்தின் மிகக் குறுகிய பகலுக்கு முன் 7, பின் 7, கடலில் அலையே இருக்காது என்று கிரேக்கர்கள் நம்பினார்கள். அதிலிருந்து 'ஹால்சியன் டேஸ்' என்றால் கவலையில்லாத அமைதியான நாட்கள், அதிலும் இப்போது கடந்துபோய்விட்ட நாட்களைச் சொல்லவே அதிகம் பயன்படுகிறது. நம் ஊர் மின்கம்பியில் நீல முதுகும் வெள்ளை மார்புமாக உட்கார்ந்திருக்குமே வெண்மார்பு மீன்கொத்தி, அதன் அறிவியல் பெயர் ஹால்சியன் ஸ்மிர்னென்சிஸ். அது கூடு வைப்பது கடலில் அல்ல, மண்கரையில் வளை தோண்டி.

ஆறாவது படி: பெரிய எழுத்தா, சின்ன எழுத்தா

எழுதும்போது இது உதைக்கும். புழங்கிப் புழங்கித் தேய்ந்த சொற்களுக்குச் சின்ன எழுத்து: ஜோவியல், மார்ஷியல், மெர்க்யூரியல், பேனிக். கதை இன்னும் கண்ணுக்குத் தெரிகிற சொற்களுக்குப் பெரும்பாலும் பெரிய எழுத்து: ஆஜியன், சிசிஃபியன். நடுவில் நிற்பவை இரண்டு மாதிரியும் வரும், சந்தேகம் வந்தால் அகராதியைப் பாருங்கள். ரொம்பத் தேய்ந்தவற்றில் கடவுள் இருப்பதே மறந்துபோய்விட்டது. 'பேனிக்' இன்று பெயர்ச்சொல், ஆங்கிலத்துக்குள் முதலில் வந்தது பெயரடையாக: ஆட்டுக்கால் கொண்ட காட்டுக் கடவுள் பான் கிளப்பிவிடுகிற காரணமில்லாத பயம். காலை உணவுப் பெட்டியில் இருக்கும் 'சீரியல்' தானிய தேவதை சீரிஸின் பெயரிலிருந்து வந்த பெயரடை. 'வால்கானிக்' சொல்லுக்குள் இருப்பவர் கொல்லர்களின் கடவுள் வல்கன்.

ஏழாவது படி: போலிகளைக் கழித்துவிடுங்கள்

'டிராகோனியன்' என்றால் டிராகன் என்று நினைக்காத ஆளே இல்லை, நானும்தான். டிராகோ ஏதென்ஸில் கி.மு. 621 வாக்கில் சட்டம் எழுதிய நிஜ மனிதர், சின்னத் திருட்டுக்கும் மரண தண்டனை. 'லகோனிக்' ஸ்பார்ட்டா இருக்கும் லகோனியா வட்டாரம், சுருக்கப் பேச்சுக்குப் பேர் போனவர்கள். 'உங்கள் நாட்டுக்குள் நுழைந்தால் தரைமட்டமாக்கிவிடுவேன்' என்கிற மாதிரி மாசிடோனிய மன்னன் பிலிப் மிரட்டியபோது அவர்கள் அனுப்பிய பதில் ஒரே சொல் என்று ஒரு பழங்கதை: 'நுழைந்தால்.' 'பிளேட்டோனிக்' தத்துவஞானி பிளேட்டோ. இவர்கள் யாரும் புராணம் இல்லை.

டைட்டானிக் போலியல்ல, அசல் புராணம், அர்த்தம் பிரம்மாண்டம். ஆனால் டைட்டன்கள் யார்? ஒலிம்பஸ் தேவர்களிடம் போரில் தோற்றுப் பாதாளத்துக்குத் தள்ளப்பட்ட கூட்டம். அந்தப் பெயரைக் கப்பலுக்கு வைத்தார்கள், 1912இல் நடந்தது ஊருக்கே தெரியும். கூடப் பிறந்த கப்பலுக்கு ஜெயித்தவர்கள் பெயரில் ஒலிம்பிக் என்று வைத்தார்கள், அது 1935 வரை ஓடியது. சும்மா ஒரு தற்செயல்தான், ஆனால் டைட்டானிக் என்ற பெயரடையை மறக்காமல் இருக்க எனக்கு இது போதுமாக இருந்தது.

எட்டாவது: நீங்களே ஒன்று செய்து பாருங்கள்

சொல் 'கைமெரிக்கல்'. எழுதும்போது சி, ஹெச் என்று தொடங்கும், ஆனால் வாயில் 'கை' என்றுதான் வர வேண்டும். வாலை வெட்டினால் கைமீரா. கிரகம் இல்லை. காட்சி: முன்பக்கம் சிங்கம், பின்பக்கம் பாம்பு, நடுவில் ஆடு, வாயில் நெருப்பு. இலியட்டில் வருகிறது, பெல்லரோஃபோன் என்ற வீரன் கொல்கிறான். இதில் எந்தத் துண்டை மொழி எடுத்திருக்கும்? நெருப்பா, பயங்கரமா, வீரனா? அகராதியைத் திறக்காமல் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு மேலே படியுங்கள். எதுவும் இல்லை. இப்படி ஒரு பிராணி இருக்கவே முடியாது என்பதைத்தான் எடுத்துக்கொண்டது, அதனால் கைமெரிக்கல் திட்டம் என்றால் நடக்காத கற்பனைத் திட்டம். கூட வரும் சொற்கள் திட்டம், நம்பிக்கை, கனவு. சின்ன எழுத்து.